மஞ்சளுக்கு மேல் நீலம்

அத்தியாயம் 17

டெல்லி துவாரகாவில் நம் அடுக்குமாடி சொசைட்டியின் நாலாம் மாடியில் ஓர் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர். காது கேட்காத கர்னல் ஒருவர், இன்னொன்று அவருடைய நாய்.

ஏன் பேசவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நடந்தது இதுதான்.

மே மாதம். கருப்பசாமி வீட்டு ஹாலில் பத்துப் பதினைந்து பேர். சென்னைக்கும் டெல்லிக்கும் மேட்ச். கடைசிப் பந்தில் டெல்லிக்காரன் ஒருத்தன் சிக்ஸர் தூக்கினான். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஜெகன், அத்தனை பேர் வாயும் அடைத்துப்போன அந்த நேரம் பார்த்து, "யேஸ்!" என்று குதித்துவிட்டான்.

கருப்பசாமி திரும்பினார். ஏர் ஃபோர்ஸில் வாரன்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் திரும்பினாலே பரேடு மாதிரிதான் இருக்கும்.

"என்னலே, கடுப்பேத்துதியா? சொந்தச் சோறு திங்கிறவன் கத்தலாம். நீ யாரு சோத்தைத் தின்னுட்டு யாருக்குக் கத்துத?"

வேலை போய் நாலு மாதமாக வீட்டில் இருந்த பிள்ளையிடம், பத்துப் பதினைந்து பேர் முன்னால் கேட்டார். அத்தனை பேர் கையிலும் பாயசக் கிண்ணம். குடிப்பதா வைப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. நாமெல்லாம் குடித்துவிட்டுத்தான் வந்தோம், அது வேறு விஷயம்.

ஜெகன் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு நொய்டாவுக்குப் போனான். அம்மாவுக்கு போன் வரும், அக்காவுக்கு மெசேஜ் வரும். அப்பாவுக்கு ஒன்றும் வராது. ராஜமும் அன்றைக்கே புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். பேச்சைத்தான் நிறுத்தினாளே தவிர, சொல்ல வேண்டியதை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் குக்கரைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

இப்போது நவம்பர். பிள்ளைக்கு டொரன்டோவில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று வருஷ ஒப்பந்தம். நாளை விடிகாலை விமானம். இன்று ஒரு ராத்திரி வீட்டில் படுத்துவிட்டுப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டிருந்தான். வீடு ஏர்போர்ட் பக்கத்தில் இருக்கிறது என்பதால்தான் வருகிறான், அந்த வீட்டில் அப்பா இருக்கிறார் என்பதால் அல்ல. அது கருப்பசாமிக்கும் தெரியும்.

தெரிந்துதான் அவர் நாலு நாளாகத் தூங்கவில்லை. போவதற்கு முன்னால் பிள்ளை தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'அப்பா' என்று கூப்பிட்டால் நல்லது. இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஒரு வார்த்தை. அதற்காக அவர் செய்த காரியம்தான் இந்த வாரத்துக் கூத்து.

*

சனிக்கிழமை காலை, கடைசிச் சுவரின் கடைசி மூலையில் கருப்பசாமி ரோலரை இழுத்து முடித்தார்.

வீட்டில் மூன்றாவதாக ஓர் அறை உண்டு. ஜெகன் இருந்தவரை அது ஜெகன் ரூம். அவன் போனதும் யாரும் சொல்லாமலே ஸ்டோர் ரூம் ஆகிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் கூலர் உள்ளே போனது. குளிருக்குப் போர்த்தும் பழைய ரஜாய்கள் போயின. கருப்பசாமியின் பேரும் நம்பரும் வெள்ளையில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி போனது. கட்டில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இதையெல்லாம் தனி ஆளாக வெளியே தள்ளிவிட்டு, நாலு சுவருக்கும் மஞ்சள் அடித்திருந்தார். சாதாரண மஞ்சள் இல்லை. டிவியில் பார்த்தால் கண்ணில் குத்துமே, சென்னை டீம் மஞ்சள், அது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களாக இருக்க மாட்டார்கள். ஆதம்பூர், ஜோர்ஹாட், தாம்பரம், டெல்லி பாலம் என்று கருப்பசாமி எங்கே போனாலும் சுவர் ஒரே க்ரீம் கலர். அதில் ஆணி அடிக்கக் கூடாது, செல்லோடேப் ஒட்டக் கூடாது, குழந்தை கிறுக்கக் கூடாது. வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒருத்தர் வந்து ஓட்டை ஓட்டையாகத் தடவிப் பார்ப்பார். அந்தப் பயம் ரத்தத்தில் ஊறிவிட்டது. சொந்தமாக ஃப்ளாட் வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் க்ரீம் கலர்தான். சாமி படங்கள் இன்னும் தரையில் பலகை போட்டுத்தான் நிற்கின்றன. வீட்டில் ஒரு சுத்தியல் கிடையாது.

அப்படிப்பட்டவர் நேற்று இஞ்சி தட்டும் இடிகல்லை எடுத்து, வாழ்க்கையில் முதல் ஆணியைச் சுவரில் அறைந்திருந்தார். கட்டிலுக்கு நேர் எதிரே. அதில் புத்தம்புது மஞ்சள் ஜெர்ஸி ஒன்று தொங்கியது.

பாலம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, பத்து வயது ஜெகன் தரையில் புரண்டு அழுதது அவருக்கு மறக்கவில்லை. "என் ரூமுக்கு டீம் கலர் அடிச்சுக் குடுப்பா!" சர்க்கார் சுவருலே, முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கடனைத்தான் இப்போது அடைத்திருந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் நுழையாது. பெயின்ட் நுழையும்.

சமையலறையில் ராஜம் குக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விடிஞ்சதுல இருந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்காம சுவரோட மல்லுக்கட்டுனா, சுவரா வந்து சோறு போடும்? காயுமா இது சாயங்காலத்துக்குள்ள? வெயிலே இல்ல, வெறும் புகையால்ல கெடக்கு."

"காயும்" என்றார் கருப்பசாமி, ரோலரிடம்.

அப்போது காலிங் பெல் அடித்தது.

லிஃப்டில் வந்து இறங்கியது ஆள் இல்லை, மூக்கு. சொசைட்டி செக்ரட்டரி பட்டாபி, ஏதோ ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே பார்க்கில் நின்றபடியே எந்த வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தது என்று மாடி நம்பரோடு சொல்லிவிடுவார்.

"கருப்பசாமி சார், நமஸ்காரம். ஏதோ வாசனை வர்றதே?"

"சாம்பிராணி."

"பேஷ். ரெண்டு கோட்டு அடிக்கணுமோ, ஒண்ணே போறுமோ?"

கருப்பசாமி கதவை இன்னும் கொஞ்சம் ஒடுக்கிப் பிடித்தார்.

"காதுல மஞ்சளா ஏதோ இருக்கு."

"பத்து போட்டிருக்கேன். வலி."

"காதுக்கா?" பட்டாபி எட்டிப் பார்க்க முயன்றார். "ஊர்ல மூச்சு விட முடியலை சார். கட்டட வேலையெல்லாம் சர்க்காரே நிறுத்தி வெச்சிருக்கு. நம்ம கமிட்டியும் பெயின்டிங், டிரில்லிங் எதுவும் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கு. நானேதான் டைப் அடிச்சேன். நீங்க மிலிட்டரிக்காரர், ரூல் மீற மாட்டேள்னு எனக்குத் தெரியும். முந்தாநாள் ஏதோ ஆட்டா மூட்டை தூக்கிண்டு வந்தேளாமே? கேட்ல பையன் சொன்னான். ஆட்டா மூட்டை 'டங்'னு சத்தம் போட்டுதாம்."

"கட்டி ஆட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் கருப்பசாமி. முப்பது வருஷ சர்வீஸில் அவர் சொல்லாத பொய்களை இந்த வாரத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

*

பதினோரு மணி வாக்கில் மோதி பாகிலிருந்து மகள் கனிமொழி வந்தாள். கல்யாணமாகி அங்கே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள், க்ரீம் கலர் சுவர்களுக்கு நடுவே. தம்பியை வழியனுப்ப வந்தவள் செருப்பைக் கழற்றியதும் மூக்கைச் சுளித்தாள். வாசனை வந்த வழியே நடந்து அறை வாசலில் நின்றாள்.

"பாப்ரே! அப்பா, யே க்யா கியா? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எப்படி இருக்கு?" என்றார் கருப்பசாமி. நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மெடல் குத்துவதற்கு யாரோ வருவது போல இருந்தது அந்த நிற்பு.

கனி சிரித்தாள். பிறகு அப்பா முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"யாருக்குப்பா இது?"

"யாருக்கா? ஜெகனுக்குத்தான். சின்னப் புள்ளையில கேட்டான்லா, டீம் கலர்."

"எந்த டீம்?"

"என்ன தாயி கேள்வி இது. நம்ம டீம்தான்."

கனி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவன் டெல்லிப்பா."

"ஆமா, டெல்லியிலதான் இருக்கான்."

"அதில்லப்பா! அவன் டீம் டெல்லி. முதல்லேர்ந்தே. ஸ்கூல்லேர்ந்தே. அவன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியும். அவன் பொறந்தது இங்க, படிச்சது இங்க, அடிபட்டது இங்க. அவனுக்கு எதுக்குப்பா சென்னை? போனதே மொத்தமா மூணு தடவை, மூணும் யாரோட கல்யாணத்துக்கோ."

"அப்புறம் எதுக்கு மஞ்சச் சட்டை?"

"உங்களுக்காக."

கருப்பசாமிக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கனிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. ஆனாலும் தொடங்கியதை நிறுத்த முடியவில்லை.

"மத்த நாள்ல அவன்கூட என்னப்பா பேசுவீங்க? 'கேஸ் புக் பண்ணியாலே', 'வண்டிக்குக் காத்து அடிச்சியாலே'. மேட்ச் அன்னிக்கு மட்டும்தான் சோபாவுல பக்கத்துல உக்கார வெச்சு, அந்த பவுலர் அப்படி, இந்த பேட்ஸ்மேன் இப்படின்னு மூணு மணி நேரம் பேசுவீங்க. மஞ்சச் சட்டை போட்டாத்தான் அந்த இடம். அவன் என்கிட்ட சொல்லியிருக்கான், 'அக்கா, அப்பாவோட பேசணும்னா யூனிஃபார்ம் போடணும்'னு. அன்னிக்கு அந்த சிக்ஸருக்கு மட்டும் வாயை அடக்க முடியல. முஷ்கில்ஸே, மிஞ்சிப் போனா ஒரு தடவை. அதுக்குத்தான் நீங்க அந்த வார்த்தை…"

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

கருப்பசாமி ஜெர்ஸியைப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போய்ப் பார்த்தார். சென்னை ஜெயித்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை கை தட்டியிருக்கிறான். எப்போதும் ஒரு நொடி தாமதமாகத் தட்டியிருக்கிறான். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டியிருக்கிறான். அது ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை?

"டீம் கலர் அடிச்சுக் குடுன்னு கேட்டான்" என்றார் மெல்ல.

"கேட்டான். எந்த டீம்னு நீங்க கேக்கலை."

வாசலில் ராஜம் கரண்டியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கனி" என்றாள். "நான் காலையிலேயே அவனுக்குப் போட்டோ அனுப்பிட்டேனே. சட்டையோட சேத்து எடுத்து அனுப்புனேன். 'அப்பா உனக்காகப் பண்ணிருக்காக பாரு'ன்னு."

"என்ன சொன்னான்?"

"பாத்துட்டான். ஒண்ணும் சொல்லல."

அந்த 'ஒண்ணும் சொல்லல' முழுசாக அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. கனியின் போன் டிங் என்றது. அவள் வாய்க்குள் படித்தாள். படிக்கச் சொல்லி அப்பா அம்மா இருவரும் ஒரே சமயம் கேட்டார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

"'அக்கா, ரூம் போட்டோ பாத்தேன். சட்டையைக்கூட மாட்டி வெச்சிருக்கார். போற நாள்லகூட அவர் டீம்ல சேந்தாத்தான் எனக்குக் கட்டில் போலருக்கு. அந்தக் கலருக்குள்ள இன்னொரு ராத்திரி என்னால முடியாது. ஏர்போர்ட் பக்கம் மஹிபால்பூர்ல ஹோட்டல் போட்டாச்சு. அம்மாகிட்ட நீயே சொல்லிடு.'"

சமையலறையில் குக்கர் விசிலடித்தது. யாரும் போகவில்லை. மறுபடி அடித்தது.

ராஜம் கரண்டியைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "பருப்புப் பொடி அரைச்சு வெச்சிருக்கேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "வத்தல் இருக்கு. ஒரு ராத்திரிதானே கேட்டேன் நான். ஒரு ராத்திரி."

கருப்பசாமி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

*

செக்டர் மார்க்கெட்டில் பெயின்ட் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. காதில் மஞ்சளும் மண்டையில் மஞ்சளுமாகக் குனிந்து உள்ளே நுழைந்தவரைப் பார்த்துக் கடைக்காரர் சற்றுப் பின்வாங்கினார்.

"பையா, நீலா. ஜல்தி."

"கௌன்சா நீலா, அங்கிள்ஜி?"

எந்த நீலம்? கடைக்காரர் ஷேட் கார்டை விரித்தார். அதில் நீலங்கள் வரிசை வரிசையாக நின்றன. வானம் மாதிரி ஒன்று, மை மாதிரி ஒன்று, மயில் கழுத்து மாதிரி ஒன்று. சென்னை டீம் மஞ்சளை ஆயிரம் மஞ்சளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பார் கருப்பசாமி. டெல்லி டீம் எத்தனையோ தடவை அவர் கண் முன்னால் ஆடியிருக்கிறது. தோற்க வேண்டியவர்கள் என்று மட்டும்தான் அவர்களைப் பார்த்திருக்கிறார், என்ன நிறத்தில் இருந்தார்கள் என்று பார்த்ததில்லை. நீலம், ஓரத்தில் சிவப்பு. அவ்வளவுதான் தெரிந்தது.

"கோயி பி" என்றார். ஏதாவது ஒன்று. நீலத்தில் ஒரு பெரிய டப்பா, சிவப்பில் ஒரு சின்ன டப்பா.

இந்தத் தடவை ஆட்டா மூட்டை இல்லை. இரண்டு கையிலும் டப்பா தெரியத் தெரிய கேட்டுக்குள் நடந்தார். நடுவில் பட்டாபி நின்றிருந்தார்.

"கருப்பசாமி சார். இது என்ன, நீல சாம்பிராணியா? என்னால இதை விட முடியாது. ரூல்னா ரூல். இன்னிக்கே நோட்டீஸ் எழுதிப் போர்டுல…"

"எழுதுங்க சார்" என்றார் கருப்பசாமி. "நாளைக்கு எழுதுங்க. எம் பேரைப் பெருசாவே எழுதுங்க. இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. எம் மவென் நாளைக்குப் போறான். போனா மூணு வருஷம். நீங்களும் அன்னைக்கு ஹால்ல இருந்தீங்க. நான் என்ன சொன்னேன்னு நீங்களும் கேட்டீங்க."

பட்டாபி கேட்டிருந்தார். பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்ட கையோடு கேட்டிருந்தார். இந்த ஆறு மாதமாக அதைத் தெருத் தெருவாகச் சொன்னவரும் அவர்தான்.

மிலிட்டரிக்காரர் ஒருத்தர் கேட்டில் நின்று கெஞ்சுவதை அவர் பார்த்ததில்லை. செக்யூரிட்டியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார், வானம் தெரியவில்லை. பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் காலம்பறலேர்ந்து ஜலதோஷம் சார். ஒரு வாசனையும் தெரியலை. போங்கோ." கருப்பசாமி லிஃப்டுக்குள் போனதும்தான் பின்னாலிருந்து கூப்பிட்டார். "சார், அடியில இருக்கறது காய்ஞ்சுடுத்தோல்லியோ? காயாம மேல அடிச்சா…"

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

*

காய்ந்திருக்கவில்லை.

முதல் இழுப்பு நீலமாகத்தான் விழுந்தது. இரண்டாவதில் கொஞ்சம் மங்கியது. பத்தாவது இழுப்பில் மஞ்சள் அடியிலிருந்து எழுந்து வந்து நீலத்தோடு கலந்தது. அழுத்த அழுத்தப் பச்சையாயிற்று. நல்ல பச்சைகூட இல்லை. சில இடம் பாசி, சில இடம் கிளி, சில இடம் ஆஸ்பத்திரித் திரைச்சீலை. உலகத்தில் எந்த டீமும் அந்தக் கலரில் சட்டை தைத்துக்கொள்ளாது.

கருப்பசாமி நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக இழுத்தார். "வந்துரும், வந்துரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெயின்ட் கையில் வழிந்து முழங்கை வரை ஓடியது. பனியனில் மஞ்சள், நீலம், இரண்டும் சேர்ந்த பச்சை. மஞ்சள் ஜெர்ஸியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் எறிந்திருந்தார். மொட்டை ஆணி மட்டும் நின்றது.

கனி வாசலில் நின்று, "அப்பா, போதும்பா" என்றாள். கேட்கவில்லை. "அவன் வரப் போறதே இல்ல, யாருக்காக அடிக்கிறீங்க?" என்றாள். அதுவும் கேட்கவில்லை.

ராஜம் உள்ளே வந்தாள். ரோலரைப் பிடித்தாள்.

"ஏங்க."

கருப்பசாமியின் கை நின்றது. ஆறு மாதம் குக்கருக்கும் ஃபிரிட்ஜுக்கும் கிடைத்த குரல் அது.

"சுவத்துக்கிட்டச் சொன்னது போதும். அவன்கிட்டச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல ராஜம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானா சொன்னேன் அன்னைக்கு?"

கனி நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். பாதியில் வெட்டினான். அவள் போனில் எதையோ அழுத்தி அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"வாய்ஸ் மெசேஜ். பேசுங்க. எப்பக் கேக்கணுமோ அப்பக் கேட்டுப்பான்."

கருப்பசாமி தொண்டையைச் செருமினார். பச்சைக் கைகளை இரண்டு பக்கமும் ஒட்டி, அட்டென்ஷனில் நின்றார்.

"ஜெகன். அப்பா பேசுதேன்." நிறுத்தம். "ரூமுக்கு மஞ்ச அடிச்சது தப்பு. அது எனக்குப் புடிச்ச கலரு. நீ கேட்டப்ப எந்த டீம்னு நான் கேக்கல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இப்ப அதுக்கு மேல நீலம் அடிச்சேன். பச்சையாப் போச்சு. பாக்க நல்லா இல்ல."

ராஜம் கையை ஆட்டினாள், மேலே மேலே என்று.

"அன்னைக்குச் சோறுன்னு ஒண்ணு சொன்னேன். அது…" ராஜத்தைப் பார்த்தார். "அது உங்கம்மா ஆக்குன சோறு. அதைச் சொல்லிக் காட்ட நான் யாரு. சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுல ஒனக்கு எந்தக் கலர்ல வேணும்னாலும் எடம் உண்டு. கடையில நீலம் நெறைய இருக்குலே. எது உன்னோடதுன்னு எனக்குத் தெரியல. தங்க வேண்டாம். எந்த நீலம்னு மட்டும் வந்து காட்டிட்டுப் போ." கொஞ்சம் யோசித்தார். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது: "ஜெய் ஹிந்த்."

கனி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

மெசேஜ் போனது. மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றார்கள், ஐசியு வாசலில் நிற்பவர்கள் போல. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ராஜம் அடுப்படிக்குப் போய்விட்டு வந்தாள். கனி சார்ஜர் போட்டாள். கருப்பசாமி கையைக்கூடக் கழுவவில்லை.

"கேட்டுட்டான்" என்றாள் கனி.

"என்ன போடுறான்?"

"எதுவும் போடலை."

சுவரில் பெயின்ட் ஒரு சொட்டு வழிந்து, நடு வழியில் நின்றது.

*

சாயங்காலம் வெளியே புகை இன்னும் இறங்கியிருந்த நேரத்தில், யாரோ பெல் அடித்தார்கள்.

ஜெகன். மெலிந்திருந்தான். முதுகில் பை. வாசலைத் தாண்டி வந்தான், ஷூவைக் கழற்றவில்லை.

"என்ன ராசா…" ராஜம் அவன் கையைப் பிடித்தாள்.

"கீழ டாக்சி நிக்குதும்மா. பெட்டி அதுலதான் இருக்கு."

அம்மாவைப் பார்த்துச் சொன்னான். நேராக அறைக்குப் போனான். மூலையில் கருப்பசாமி ரோலரைத் துப்பாக்கி மாதிரி பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் போனிலேயே தீர்ந்து போயிருந்தது.

ஜெகன் ஒவ்வொரு சுவராகப் பார்த்தான். மஞ்சள். பாசி. கிளி. திரைச்சீலை. அவன் உதட்டோரம் ஏதோ துடித்தது. அப்பாவின் கைகளைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மொட்டை ஆணியைப் பார்த்தான். ஆணி அடித்த சுவரைத் தன் வீட்டில் அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கிட்டே போய் விரலால் தொட்டு ஆட்டிப் பார்த்தான். உறுதியாக இருந்தது.

பையின் ஜிப்பைத் திறந்தான். அடியில் கையை விட்டு ஒரு தொப்பியை எடுத்தான். பழசு, விளிம்பு நைந்தது, பல வருஷ வியர்வை ஊறியது. இந்த வீட்டில் இத்தனை காலம் எங்கே ஒளித்து வைத்திருந்தானோ. நீலம், ஓரத்தில் சிவப்பு.

ஆணியில் மாட்டினான்.

"இந்த நீலம்" என்றான்.

சுவரைப் பார்த்துத்தான் சொன்னான். 'அப்பா' என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவைப் பார்த்தும் சொல்லவில்லை. கருப்பசாமி தலையை ஆட்டினார். கடையில் பார்த்தவற்றில் அது கீழ் வரிசையில் இருந்தது. கையெட்டும் தூரத்தில் இருந்தது.

போன் அடித்தது. டாக்சிக்காரன். "பையா, ஜல்தி கரோ!" என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"ஆ ரஹா ஹூன்" என்றான் ஜெகன், இதோ வந்துவிட்டேன் என்று. வந்த வழியே நடந்தான். பை முதுகிலேயே இருந்தது. தொப்பி ஆணியிலேயே இருந்தது. லிஃப்ட் கதவு மூடியது.

"ஏங்க!" ராஜம் புருஷனின் பனியனைப் பிடித்து உலுக்கினாள். "போறானா? பெட்டியை எடுக்கப் போறானா? ஒண்ணுஞ் சொல்லாமப் போறானே! நீங்களாவது கேட்டிருக்கலாம்ல!"

கனி பால்கனிக்கு ஓடினாள். "ஒண்ணுமே தெரியலைம்மா. புகை."

கீழே டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூடும் சத்தம் கேட்டது. பெட்டியை எடுத்துவிட்டு மூடினானா, பையையும் உள்ளே வைத்துவிட்டு மூடினானா? தெரிந்த ஒரே ஆள் பட்டாபி. பார்க் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று பார்த்து அவர் நாலாம் மாடிக்குக் குரல் கொடுக்கவில்லை.

கருப்பசாமி லிஃப்ட் வாசலுக்கு வந்தார். லிஃப்ட் தரைத் தளத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் பொத்தானை அழுத்தினார். கட்டைவிரல் பச்சையாக அதில் பதிந்தது. விளக்கு எரிந்தது. எங்கோ கீழே கயிறு முனகியது.

லிஃப்ட் மேலே வரத் தொடங்கியது. கூப்பிட்டது அவர், ஆகையால் அது வந்துதான் தீரும். அதற்குள் யாராவது நிற்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை.